ரிஷிகேஷில் முதல் ராஃப்டிங்: கரையில் கழியும் அந்த அரை மணி நேரம்

திருநெல்வேலியிலிருந்து காசி, ஹரித்வார் என்று யாத்திரை கிளம்பும் எங்கள் வீட்டு ஆட்கள், ரிஷிகேஷ் வந்து சேர்ந்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஜீப் ஜீப்பாகக் கூரைமேல் ரப்பர் படகைக் கட்டிக்கொண்டு, அதில் ஆற்றோடு இறங்கி வர, ராஃப்டிங் என்று மலைமேல் போகிறார்களே, நாமும் போகலாமா? நமக்கு நீச்சல் தெரியாதே?

போகலாம். நீச்சல் தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கில் போய் வருகிற ஆறு அது. ஆனால் ஒன்று. படகு தண்ணீரில் இறங்கும் முன் கரையில் அரை மணி நேரம் இருக்கும். லைஃப் ஜாக்கெட் மாட்டுவது, கைடு பேசுவதைக் கேட்பது, துடுப்பைப் பிடித்துப் பார்ப்பது எல்லாம் அப்போதுதான். பலர் அந்த அரை மணியை செல்ஃபி எடுப்பதில் விட்டுவிடுகிறார்கள். முதல்முறை போனபோது நானும் அப்படித்தான் விட்டேன். அதற்குப் பிறகு நான்கு முறை போய்விட்டேன், கடைசி முறை அத்தையையும் கூட்டிக்கொண்டு. இப்போது யார் கேட்டாலும் அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் முதலில் சொல்கிறேன்.

எங்கிருந்து ஏறுவது, எந்த மாதம் போவது

தேவப்பிரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் கலக்கின்றன. அங்கிருந்துதான் ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். அங்கிருந்து ரிஷிகேஷ் வரை பத்ரிநாத் சாலையை ஒட்டியே ஆறு இறங்கி வருகிறது. அந்தச் சாலையில் நான்கு இடங்களில் படகு ஏறலாம். ரிஷிகேஷுக்கு அருகே பிரம்மபுரி, ஏறக்குறைய 9 கிலோமீட்டர். அதற்கு மேலே சிவ்புரி, 16 கிலோமீட்டர். இன்னும் மேலே மரைன் டிரைவ், 25 கிலோமீட்டர் அளவில். எல்லாவற்றுக்கும் மேலே கௌடியாலா, 35 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

முதல்முறை போகிறவர்கள் சிவ்புரியில் ஏறுங்கள். பிரம்மபுரி, ஆறு பழகுவதற்குள் முடிந்துவிடும். வயதானவர்களோ மிகவும் பயப்படுகிறவர்களோ கூட வந்தால் மட்டும் அது சரி. கௌடியாலாவுக்கு இப்போது ஆசைப்பட வேண்டாம். அந்தப் பாதையில் 'தி வால்' என்ற ரேபிட் இருக்கிறது. படகுகள் அடிக்கடி கவிழும் இடம் அது.

ரேபிட் என்றால் ஆறு சரிவில் இறங்கும்போது, பாறைகளுக்கிடையே குறுகி, நுரைத்துப் பொங்கி ஓடும் பகுதி. இதன் கடுமையை உலகம் முழுக்க 1 முதல் 6 வரை எண் போட்டுச் சொல்கிறார்கள். 1 என்றால் சலசலப்பு மட்டும். 3 என்றால் படகுக்குள் அலை ஏறி விழும், சரியான பாதையில் ஓட்டியாக வேண்டும். 4-க்கு அனுபவம் வேண்டும். 6 என்பது யாரும் இறங்கக் கூடாத இடம். சிவ்புரிப் பாதையில் பெரியவை 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' இரண்டும்தான். இவை 3-ஐ ஒட்டியும் நீர்மட்டம் ஏறும்போது அதைத் தாண்டியும் இருக்கும். அப்புறம் 'கிளப் ஹவுஸ்', 'டபுள் ட்ரபிள்', 'ஹில்டன்' என்று சின்னதும் நடுத்தரமுமாக வரும். நடுநடுவே நீண்ட அமைதியான ஆறு. தண்ணீரில் மொத்தம் இரண்டு மூன்று மணி நேரம்.

செப்டம்பர் கடைசியிலிருந்து ஜூன் வரை சீசன். மழைக்காலத்தில் ஆறு சீறும், ராஃப்டிங்கை மூடிவிடுவார்கள். சீசனுக்குள்ளும் எல்லா மாதமும் ஒன்றல்ல. அக்டோபர், நவம்பரில் தண்ணீர் தெளிந்து பச்சையாக இருக்கும், குளிரும் தாங்கும். முதல்முறைக்கு அதுதான் என் தேர்வு, இல்லையென்றால் மார்ச். டிசம்பர், ஜனவரியில் தண்ணீரில் கைவைத்தால் எலும்பு வலிக்கும். நம் ஊர் உடம்புக்கு அது சரிவராது. மே, ஜூனில் பனி உருகி நீர்மட்டம் ஏறும். டெல்லிக்காரர்கள் வார இறுதியில் குவிந்து, சிவ்புரிக்குப் போகிற சாலையிலேயே மணிக்கணக்கில் நிற்க வேண்டி வரும். எந்த மாதமானாலும் வாரநாளில், காலை முதல் நேரத்தில் போவது நல்லது.

கம்பெனியைப் பிடிப்பது

தபோவனம், லட்சுமண ஜூலா பக்கம் நடந்தால் இரண்டு கடைக்கு ஒரு கடை ராஃப்டிங் போர்டு இருக்கும். விலை பேரத்துக்கு உட்பட்டது, பேசலாம். ஆனால் பேரத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை உண்டு. உத்தராகண்ட் சுற்றுலாத் துறை அனுமதி இருக்கிறதா, கைடுக்கு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு படகில் எத்தனை பேர் என்று கேளுங்கள். கைடு தவிர எட்டுப் பேருக்கு மேல் ஏற்றுகிறவரிடம் போகாதீர்கள். பாதுகாப்புக் கயாக் கூட வருமா என்றும் கேளுங்கள். கயாக் என்பது ஒருவர் மட்டும் உட்காரும் ஒல்லியான படகு. அது முன்னால் போய் ரேபிட்டின் கீழே காத்திருக்கும். யாராவது விழுந்தால் முதலில் வந்து சேர்வது அவர்தான். 'கூட்டமா போறோம், கயாக் எதுக்கு?' என்று சொன்ன ஒரு கடையிலிருந்து நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

14 வயது நிரம்பாதவர்களையும் 65 தாண்டியவர்களையும் ஏற்றக் கூடாது என்பது அங்கே விதி. என் அக்கா மகனுக்கு 12. ஒரு இடத்தில், 'பதினாலுன்னு எழுதிடுங்க, யாரும் பார்க்க மாட்டாங்க' என்றார்கள். பெரியவர்களுக்கான ஜாக்கெட் பன்னிரண்டு வயதுப் பையன் தோளில் நிற்காது, தண்ணீருக்குள் உருவிக்கொண்டு மேலே போகும். அந்த எழுத்து அவனைக் காப்பாற்றாது. பையன் அழுதான்தான். பரவாயில்லை என்று அவன் அம்மாவோடு கரையில் விட்டுவிட்டுப் போனோம்.

இதய நோய், வலிப்பு, கர்ப்பம், அண்மையில் அறுவை சிகிச்சை, முதுகுத் தட்டு விலகல், ஒருமுறை தோள்பட்டை நழுவிய பழக்கம், இவற்றில் எது இருந்தாலும் இந்தப் பயணம் வேண்டாம். ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். ஆற்றில் எது நடந்தாலும் நான் அறிந்தே போகிறேன் என்கிற மாதிரி இருக்கும். படித்துப் பார்த்து, உடம்பில் உள்ளதை மறைக்காமல் எழுதுங்கள்.

உடுத்துவதும் சாப்பிடுவதும்

பருத்தித் துணி தண்ணீரை வாங்கிக் கனக்கும், காயாது, குளிரும். ஜீன்ஸ் அதைவிட மோசம். விளையாட்டு ஆட்கள் போடுகிற மெல்லிய பாலியெஸ்டர் டி-ஷர்ட்டும் ட்ராக் பேன்ட்டும் போதும். புடவை, துப்பட்டா கூடாது. முடியை இறுகப் பின்னி முடிந்துகொள்ள வேண்டும். தாலிக்கொடியை உள்ளே தள்ளி, அதன்மேல் ஜாக்கெட் வர வேண்டும். மோதிரமும் தொங்கும் கம்மலும் அறையிலேயே இருக்கட்டும். காலுக்குப் பின்பட்டை உள்ள சாண்டல் அல்லது பழைய கான்வாஸ் ஷூ. ஹவாய்ச் செருப்பு முதல் ரேபிட்டிலேயே கங்கைக்குப் போய்விடும். கண்ணாடி போடுகிறவர்கள் பின்னால் கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

ஃபோனை நீர்புகாத பையில் போட்டுக் கைடிடம் கொடுக்கலாம், அவரிடம் ஒரு பெரிய பை இருக்கும். அறையிலேயே வைத்துவிட்டால் இன்னும் நல்லது. கையில் ஃபோன் இருந்தால் துடுப்பு இருக்காது. மாற்றுத் துணியும் துண்டும் மறக்க வேண்டாம்.

ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் லேசாகச் சாப்பிடுங்கள். அங்கே காலையில் தட்டு நிறைய ஆலு பராட்டாவும் வெண்ணெயும் வரும். ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், குளிர்ந்த தண்ணீரில் உடம்பு சீக்கிரம் தளரும்.

கரையில்

சிவ்புரி மணலில் ஜீப் இறங்கும். படகை இறக்கித் தண்ணீர் ஓரமாக வைப்பார்கள். இப்போதுதான் அந்த அரை மணி.

முதலில் ஜாக்கெட். பூட்டுகளைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகு கூட வந்தவரை எதிரே நிறுத்தி, ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட்டோடு நீங்களும் குதிகால் எழும்பும் அளவுக்குப் போனால் சரி. ஜாக்கெட் மட்டும் காதுவரை வந்தால் தளர்ச்சி, மறுபடி இறுக்குங்கள். மூச்சு விடச் சற்றே சிரமமாக இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். என் முதல் பயணத்தில் கொடுத்த ஜாக்கெட்டில் நடுப்பூட்டு உடைந்து, அதற்குப் பதிலாக நைலான் கயிறு முடிச்சுப் போட்டிருந்தது. கூட்டமாக இருக்கிறதே, வேறு கேட்டால் நேரமாகுமே என்று வாயை மூடிக்கொண்டேன். கோல்ஃப் கோர்ஸில் விழுந்தபோது அது முகத்துக்கு ஏறி, என் கண்ணையும் மூக்கையும் மூடியது. கயாக்காரர் வந்து சேர்ந்தது பத்துப் பதினைந்து நொடியில்தான் இருக்கும், ஆனாலும் அந்த நொடிகள் இன்னும் மறக்கவில்லை. பூட்டு உடைந்திருந்தால் மாற்றிக் கேளுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் படகில் ஏறாதீர்கள்.

ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். தலையை ஆட்டினால் பின்னால் சரியக் கூடாது.

அடுத்து துடுப்பு. அதன் ஒரு முனையில் அகலமான தட்டு, மறுமுனையில் ஆங்கில 'T' மாதிரிக் குறுக்குப் பிடி. ஒரு கை எப்போதும் அந்தக் குறுக்குப் பிடியின்மேல் இருக்க வேண்டும். ராஃப்டிங்கில் காயம் பாறையால் மட்டும் வருவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்தவரின் துடுப்புப் பிடி பல்லில் படுவதாலும் வருகிறது. கை அதை விட்டால் அது சுழன்றுவிடும்.

அப்புறம் கட்டளைகள். கைடு பெரும்பாலும் உத்தரகாண்ட் மலைக்காரராக இருப்பார். இந்தியும் ஆங்கிலமும் கலந்து வேகமாகப் பேசுவார். நம் ஆட்கள் புரியாமலே தலையாட்டிவிடுவார்கள். அது வேண்டாம். நிறுத்தி, மறுபடி மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். 'ஃபார்வர்டு' என்றால் எல்லோரும் முன்னோக்கித் துடுப்புப் போடுவது. 'பேக்வர்டு' என்றால் பின்னோக்கி. 'ஸ்டாப்' என்றால் துடுப்பை எடுத்து மடியில் வைப்பது. 'கெட் டவுன்' அல்லது 'இன்சைடு' என்றால் உடனே படகுக்குள் இறங்கிக் குந்தி, கயிற்றைப் பிடித்துக்கொள்வது. இரைச்சலில் சட்டென்று இந்திக்கு மாறிவிடுவார்கள். அதனால் இந்த ஐந்து சொல்லையும் மனதில் வையுங்கள்: ஆகே என்றால் முன்னால், பீச்சே என்றால் பின்னால், ருகோ என்றால் நில், அந்தர் என்றால் உள்ளே, பக்டோ என்றால் பிடி. நாங்கள் கரையிலேயே எட்டுப் பேரும் வரிசையாக உட்கார்ந்து, கைடு சொல்லச் சொல்லக் காற்றில் துடுப்புப் போட்டுப் பார்த்தோம்.

கடைசியாக ஒன்று. கரையில் செருப்பு, பை எதையும் தண்ணீர் ஓரத்தில் வைக்காதீர்கள். பாகீரதியில் டெஹ்ரி அணை இருக்கிறது. மின்சாரத்துக்குத் தண்ணீர் விடும்போது நீர்மட்டம் பகலிலேயே ஏறி இறங்கும்.

படகிலும் ரேபிட்டிலும்

உட்கார வேண்டியது படகின் நடுவில் இல்லை, வெளிவட்டக் குழாயின்மேல். முதலில் யாருக்கும் நம்பிக்கை வராது, விழுந்துவிடுவோம் என்றே தோன்றும். குறுக்கே போகும் குழாயின் அடியில் பாதத்தைச் செருகுங்கள், அதுதான் உங்களைப் பிடித்து வைக்கும். கணுக்கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்குச் செருகக் கூடாது. முன்வரிசை இருவரும் ஒரே தாளத்தில் போடக்கூடியவர்களாக இருக்கட்டும். பின்னால் இருப்பவர்கள் அவர்களைப் பார்த்துத்தான் போடுவார்கள். முதல் அலை விழுவதும் அவர்கள்மேல்தான். பயப்படுகிறவர்கள் நடுவரிசை. கைடு கடைசியில் இருப்பார்.

துடுப்பைக் கையால் இழுத்தால் பத்து நிமிடத்தில் தோள் ஓய்ந்துவிடும். இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்து, தட்டு முழுவதும் நீரில் மூழ்க ஊன்றி, உடம்போடு பின்னால் வர வேண்டும்.

ரேபிட்டின் சத்தம்தான் முதலில் வரும். ஆறு ஒரு வளைவில் திரும்பும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, தூரத்தில் லாரி ஓடுகிற மாதிரி ஒரு உறுமல் மட்டும் கேட்கும். கிட்டே போகும்போது தண்ணீர் ஓரிடத்தில் கோடு போட்டதுபோல முடிந்துவிடும். அதற்கு அப்பால் அவ்வப்போது ஒரு வெள்ளைத் தெறிப்பு மட்டும் எழும்பி மறையும். கைடு எழுந்து நின்று பார்ப்பார். பாறைகளுக்கு நடுவே கீழ்நோக்கிக் கூர்ந்து போகும், நுரையில்லாத பச்சை நாக்கு ஒன்று இருக்கும். படகை அதில் விடத்தான் பார்க்கிறார்.

'ஃபார்வர்டு!' என்று சத்தம் வரும்போது முன்னால் ஒரு ஆள் உயரத்துக்கு வெள்ளை நிற்கும். எல்லோருக்கும் அப்போது தோன்றுவது, துடுப்பைப் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளலாம் என்பதுதான். அதைச் செய்யாதீர்கள். படகு ஆற்றைவிட வேகமாகப் போனால்தான் கைடால் திருப்ப முடியும். எட்டுப் பேரும் கையை விட்டுவிட்டால் படகு வெறும் மிதக்கும் தெப்பம், அது குறுக்கே திரும்பி அலையில் மாட்டும். அதோடு, நீருக்குள் ஊன்றிய துடுப்பு மூன்றாவது கால் மாதிரி உங்களைத் தாங்கும். 'கெட் டவுன்' என்று அவர் சொன்னால் மட்டும் உள்ளே இறங்குங்கள். படகு பக்கவாட்டில் பாறையில் மோதினால் எல்லோரும் அந்தப் பாறைப் பக்கமே பாய வேண்டும். எதிர்ப்பக்கம் ஒதுங்கினால் ஆற்றின் மேல்பக்கமிருந்து ஓடிவரும் தண்ணீர் படகுக்குள் ஏறிக் கவிழ்த்துவிடும்.

ரோலர் கோஸ்டர் முடிந்ததும் துடுப்புகளை மேலே தூக்கி ஒன்றோடொன்று தட்டுவார்கள். அந்தச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வரும். அத்தை அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தாள்.

தண்ணீரில் விழுந்தால்

நம் ஊர் ஆற்றில் குளித்துப் பழகியவர்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். அத்தை சின்ன வயதில் தாமிரபரணியில் நீந்தியவள். ஆற்றில் தடுமாறினால் முதலில் காலை ஊன்றப் பார்ப்பது அவளுக்கு உடம்போடு வந்த பழக்கம். கரையில் கைடு சொன்னதைக் கேட்டு என் பக்கம் திரும்பி, "ஏய்யா, கால் ஊனக் கூடாதாமே, அப்புறம் எப்படி?" என்றாள். ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயன்றால் பாதம் இரண்டு கல்லுக்கிடையே மாட்டும். பின்னாலிருந்து தள்ளும் தண்ணீர் உடம்பை முன்னே சாய்க்கும். இடுப்பளவு ஆழத்திலேயே இது உயிரை வாங்கும். அதனால் நிற்கவே கூடாது.

செய்ய வேண்டியது, மல்லாந்து படுப்பது. பாதங்களை மேலே, ஆறு ஓடும் திசையில் நீட்டி, முழங்காலைச் சற்று மடக்கி வையுங்கள். நாற்காலியில் சாய்ந்த மாதிரி இருக்கும். பாறை வந்தால் பாதம் வாங்கிக்கொள்ளும், தலைக்கு வராது. முதலில் குளிர் தாக்கி மூச்சு இழுத்து இழுத்து வரும். மெதுவாக ஊதி வெளியே விடுங்கள், சில நொடிகளில் அடங்கும். அலையின் உச்சியில் மூச்சைப் பிடித்து, பள்ளத்தில் இறங்கும்போது இழுத்துக்கொள்ளுங்கள். துடுப்பை முடிந்தால் விடாதீர்கள், யாராவது அதைப் பிடித்து உங்களை இழுக்கலாம்.

படகு பக்கத்தில் இருந்தால் அதன் ஓரக் கயிற்றைப் பிடியுங்கள். ஆனால் படகுக்கும் பாறைக்கும் நடுவே மட்டும் போகாதீர்கள். கயிறு எறிந்தால் கயிற்றைப் பிடியுங்கள், கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். அதைத் தோள்மேல் போட்டு மார்போடு அணைத்து, மல்லாந்தபடியே இழுபட்டு வர வேண்டும். படகு கவிழ்ந்து அதன் அடியில் மாட்டினால், கையைத் தலைக்குமேல் தூக்கிப் படகின் அடிப்பரப்பைத் தடவியபடி ஒரே பக்கமாகப் போங்கள். திசை மாற்றாமல் போனால் வெளியே வந்துவிடலாம்.

படகுக்குள் ஏற்றுகிறவர் நீங்களாக இருந்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஜாக்கெட்டின் இரு தோள்பட்டையையும் பிடித்து, முழங்காலைக் குழாயில் ஊன்றி, அவரைத் தண்ணீருக்குள் ஒருமுறை அமிழ்த்தி, மேலே எழும்பும் அதே வேகத்தில் பின்னால் சாயுங்கள். எண்பது கிலோ ஆளும் மேலே வந்துவிடுவார்.

நடுவில், முடிவில்

அமைதியான பகுதியில் 'பாடி சர்ஃபிங்' என்று சொல்லித் தண்ணீரில் இறங்க விடுவார்கள். ஜாக்கெட் தூக்கிப் பிடிக்கும், ஓரக் கயிற்றில் ஒரு கை இருந்தால் போதும். நீச்சல் தெரியாதவர்கள் கட்டாயம் இறங்கிப் பாருங்கள், ஜாக்கெட் தாங்கும் என்ற நம்பிக்கை அதில்தான் வருகிறது. அத்தை மூன்று நிமிடம் மிதந்தாள், கண்ணை மூடிக்கொண்டு. கைடு 'அந்தர்' என்றதும் ஏறிவிட வேண்டும், அடுத்த ரேபிட் வருகிறது என்று பொருள். பாறைமேல் ஏறிக் குதிக்கும் இடத்தில் மட்டும் முதல்முறை போகிறவர்கள் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. உடம்பு நேராக விழாவிட்டால் முதுகெலும்பில் அடி விழும். அங்கே விற்கும் சூடான மேகியும் தேநீரும் போதும்.

பெரும்பாலான படகுகள் தபோவனம் பக்கத்து நிம் பீச்சில் கரையேறும். ஏறியதும் ஈர உடையை மாற்றுங்கள், வெயில் இருந்தாலும் நடுக்கம் அப்போதுதான் வரும். கைடு நன்றாக நடத்தியிருந்தால் கையில் ஏதாவது கொடுங்கள், அவர் வருமானத்துக்கு அது உதவும். பூட்டு சரியில்லாத ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது தனியாக எடுத்துக் காட்டிச் சொல்லிவிட்டு வாருங்கள், அடுத்த ஜீப்பில் வருகிறவர் அதைத்தான் மாட்டப்போகிறார்.

மாலையில் நேரம் இருந்தால் ஆட்டோ பிடித்து ராம் ஜூலாவுக்குப் போகலாம். அங்கே ஆற்றோரம்தான் சிவானந்தர் ஆசிரமம். 1887-இல் நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடையில் பிறந்தவர், 1936-இல் இங்கே தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். பத்தமடைக்காரர் ஊன்றிய இடம் என்று அத்தை அந்தப் படித்துறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள், காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டு.